வேலிக்கு அந்தப் பக்கத்துச் செடி

போஜெனா நாற்காலியில் உட்காருகிறாள், உடனே எழுந்துவிடுகிறாள். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு லெஷெக்கின் மண்வெட்டி சரக் சரக்கென்று மண்ணில் இறங்குகிறது. மகன் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அவர் தன் எல்டர்பெர்ரிச் செடியைத் தோண்டுகிறார். ஜூன் வெயிலில் அது குடை குடையாய்ப் பூத்திருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் வெள்ளைப் பூக்கள் அவர் தோளில் உதிர்கின்றன. இந்தப் பக்கம் போஜெனாவின் செடியும் பூத்து நிற்கிறது. அந்தச் செடியின் மகரந்தம் வராவிட்டால் இதில் பேருக்குத்தான் காய் பிடிக்கும். பனிக்காலம் முழுக்கக் கணவனின் இருமலுக்கு இதன் கறுப்புப் பழத்தைக் காய்ச்சிய சாறுதான். ஆனால் ஒரு நாயால் வந்த சண்டையில் லெஷெக்கோடு பேச்சு நின்று மூன்று வருஷமாகிறது. அவள் கொடியிலிருந்து காய்ந்த துணியை எடுக்கிறாள், மறுபடி அதையே கொடியில் போடுகிறாள். வேர் ஒன்று டப்பென்று அறுகிறது.

"ஐயோ, நிறுத்துங்க!"

லெஷெக் நிமிர்கிறார். "அட, வாய் திறந்துட்டீங்களே அம்மா! என் செடி, நான் வெட்டுறேன். உங்களுக்கென்ன?"

"அது போனா என்னுது காய்க்காது. ரெண்டும் ஜோடி. அவருக்கு இருமல்..."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார். "அந்த இருமல் எனக்கும் கேக்குது," என்கிறார் தணிந்த குரலில். பிறகு காலால் மண்ணைக் குழிக்குள் தள்ளுகிறார். "பாதி வேர் போச்சு. பிழைக்குமோ என்னவோ. என் குழாய் இவ்வளவு தூரம் எட்டாது."

போஜெனா தன் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். வேலிச் சந்தில் அதை நீட்டுகிறாள். தண்ணீர் முதலில் லெஷெக்கின் செருப்பை நனைக்கிறது, பிறகு வேரடியில் பாய்கிறது.

"இன்னும் விடுங்க," என்கிறார் அவர்.