எழுபது ஹெர்ட்ஸ் யானை

படத்தில் நடந்த யானையின் காலடிச் சத்தம் ஒன்று, ஹாலில் நின்ற சின்ன ஸ்பீக்கரிடம் வந்தது.

"நீ எத்தனை ஹெர்ட்ஸ்?" என்றது ஸ்பீக்கர்.

"எழுபதுங்க."

"எண்பதும் அதுக்கு மேலயும்தான் நான் பார்ப்பேன். அதுக்குக் கீழே இருக்கிற கனமான சத்தமெல்லாம் சப்வூஃபர் சாரோட வேலை. மூலையில உட்கார்ந்திருப்பார், போய்ப் பாரு."

மூலையிலிருந்த சப்வூஃபர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அறுபது வரைக்கும்தான் என் பொறுப்பு. வீட்டுக்காரர் என் குமிழை அப்படித்தான் திருகி வெச்சிருக்கார். எழுபதுன்னா ஸ்பீக்கர்கிட்ட போ."

"அங்கேயிருந்துதாங்க வர்றேன்."

"அப்ப எனக்குத் தெரியாது."

காலடி நடு ஹாலில் திருதிருவென்று விழித்தது. திரையில் யானை பூனை மாதிரி நடந்து போனது.

வீட்டுக்காரர் கந்தவேலுவுக்கும் ஒன்றும் புரியவில்லை. 'ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பு பத்தலை' என்று முடிவு செய்து, இரண்டு மடங்கு பெரியதாக ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். மறுபடி படம் ஓடியது. குருவிகள் கத்தியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்து யானை வந்தது.

புது ஆம்ப்ளிஃபயர் காலடியைப் பாசத்தோடு அழைத்து, ஊட்டி வளர்த்து, மலைபோல் ஆக்கி அனுப்பிவைத்தது. காலடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றது.

"ஐயா, இப்ப நான் ரொம்பப் பலசாலிங்க!"

"பார்த்தாலே தெரியுது, ரொம்பச் சந்தோஷம்," என்றது ஸ்பீக்கர். "எத்தனை ஹெர்ட்ஸ்?"