ஜன்னலுக்கு எதிரே ஒரு முகம்

நூறு வயதுக் கடைக் கட்டடத்தின் உள்முற்றத்தைச் சுற்றிலும் சுவரில் பதித்த சுடுமண் முகங்கள் வெயில் காய்கின்றன. அவற்றில் உடைந்துபோன ஒன்றின் இடத்தில், முதலாளியின் அறை ஜன்னலுக்கு நேரெதிரே, சாரத்தில் நின்றபடி புது முகத்தைப் பதித்து முடிக்கிறாள் சிற்பக்காரி. சூளையில் மண் சுருங்கும் என்று கட்டைவிரல் அளவு பெரிதாகவே வனைந்திருந்தாள். வெந்து சுருங்கி, தன் அண்ணனை அச்சில் வார்த்தாற்போல வந்திருக்கிறது, அந்த உடைந்த முன்பல் உட்பட. போன மழைக்காலத்தில் இதே சுவரைக் கழுவ ஏறி, முதலாளி மாற்றாமல் விட்ட இற்றுப்போன சாரத்தோடு விழுந்து செத்தவன் அவன். "அவனை யாரு ஏறச் சொன்னா?" என்று அன்றைக்கே கைகழுவிவிட்டார் முதலாளி. இப்போது ஜன்னலைத் திறக்கிறார். கையிலிருக்கும் தேநீர் தளும்பிச் சட்டையில் கொட்டுகிறது. "ஏய், இது அவன் மூஞ்சிதானே? எடு அதை!" அவள் ஈரத்துணியால் அந்தக் கண்களை நிதானமாகத் துடைக்கிறாள். "எடுத்தா மேல்வரிசையே சரிஞ்சுடும் சார். இருந்துட்டுப் போகட்டும். உங்களைத்தானே பாக்குறான்."