குலசேகரன் விடும் மூச்சு

வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் தொங்கும் மீட்டர் சொன்னதை நத்தை பல வருஷமாக நம்பவில்லை. பவளங்களுக்கு நடுவே அதற்கு வேறு பேச்சுத்துணையும் கிடையாது.

மீட்டர் காட்டும் பி.எச். எண் எட்டுக்குக் கீழே இறங்கி, தொட்டியின் கடல்நீரில் அமிலத்தன்மை கூடி, நத்தையின் ஓடு மெலிந்துகொண்டே வந்தது. வீட்டுக்காரர் குலசேகரன் ஏதேதோ பொடியைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார். எண் ஏறுவதாக இல்லை.

“பொடி என்னடா பண்ணும்? ஜன்னலைச் சாத்திக்கிட்டு, நாள் பூரா ஏசியில தனியா உன்னையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். அவர் விடுற மூச்சுதான் தண்ணியில கரைஞ்சு உன் ஓட்டை அரிக்குது,” என்றது மீட்டர்.

“நம்மளை விட்டா அவருக்கு யாருண்ணே இருக்காங்க?”

“அது எனக்கெதுக்கு? அவர் ஊருக்குப் போனா எண் ஏறுது. நீயே பாரு.”

இந்த முறை குலசேகரன் போய்ப் பத்து நாளாகிவிட்டது. நத்தையின் ஓட்டு விளிம்பு மறுபடி கெட்டிப்பட்டிருந்தது. மீட்டர் சொன்னது நிஜம்தான். நத்தை கண்ணாடியில் ஏறி, வெளியே காலியாகக் கிடந்த நாற்காலியையே வெகுநேரம் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது:

“எண் ஏறுற நாள்ல எல்லாம் உங்களுக்கு நல்லா இருக்காண்ணே?”