பழைய தெருவில் நெட்டையனைத் தேடி

ஜூலை பதினொன்று, காலை முதல் அடைமழை. பிரசவத்தில் நெட்டையனின் மனைவி அபாய நிலையில் இருப்பதாகச் செய்தி வந்தது. அவனோ கைப்பேசியை அவள் தலைமாட்டிலேயே விட்டுவிட்டு எங்கோ போய்விட்டானாம்.

“வேற எங்க? பழைய தெருவுல குடிச்சிட்டுக் கிடப்பான், வாடா!” என்றான் நண்பன் தச்சன்.

நூற்றாண்டு கண்ட மதுக்கடைகள் அத்தெருவில் வரிசையாக இருந்தன. வாங்கிக் குடிக்காதவனுக்கு அங்கே யாரும் பதில் சொல்வதில்லை. ஆகவே ஒவ்வொரு கடையிலும் ஆளுக்கொரு கோப்பை அருந்திவிட்டே விசாரித்தோம்.

“இப்பத்தான் போனாரு” என்றார்கள்.

கடைசிக் கடையில், “எவ்வளவு குடிச்சான்?” என்றேன்.

“அவரு எங்கய்யா குடிச்சாரு?” என்றார் முதலாளி. “மழைன்னா நீங்க ரெண்டு பேரும் இங்கதான் கிடப்பீங்களாமே! உங்களைத்தான் தேடுறாரு. சம்சாரத்துக்கு உங்க ரத்தந்தான் சேருமாம்.”

மருத்துவமனைக்கு ஓடினோம்.

செவிலி முகத்தைச் சுளித்து, “குடிச்சிட்டா வந்தீங்க? இந்த ரத்தத்தை எப்படிங்க ஏத்துறது?” என்றார்.

நெட்டையன் மனைவியின் மூச்சு அடங்கியபோது மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம்.