விரிப்பின் நான்கு முனைகள்

"முதல்ல சீட் பெல்ட்டைப் போடுங்க. பேசறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கலாம்."

மனைவி காரைக் கிளப்பினாள். போதகர் மடியில் பையை வைத்துக்கொண்டு, பின்னால் சாத்தப்படும் மௌன விடுதியின் கதவைத் திரும்பிப் பார்த்தார். சபைத் தலைவர்கள் மூன்று நாள் வாய் திறக்காமல் தனித்திருந்து ஜெபிப்பதற்கான இடம் அது. வாசலில் வாங்கி வைத்த கைப்பேசியை இப்போதுதான் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதை அவர் இன்னும் உயிர்ப்பிக்கவில்லை.

"கமிட்டிக்காரங்க காலையிலருந்து போன் மேல போன். நாளைக்குக் கூட்டத்துல உங்க பேச்சு சூடா இருக்கணுமாம்."

நாளை ஓட்டெடுப்பு. புது மண்டபம் கட்டுவதில் ஆரம்பித்த தகராறு, சபையையே இரண்டாகப் பிரிக்கும் தீர்மானத்தில் வந்து நின்றது. பிரித்தே ஆக வேண்டும் என்று எதிர்த்தரப்பில் நின்றவர் சபைச் செயலர். போதகரின் கூடப்பிறந்த தம்பி. அப்பாவின் அடக்கத்தில் யார் ஜெபிப்பது என்பதில் இருவருக்கும் நடுவே முன்பே விழுந்த கீறல். அதன்பின் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்தாலும், "செயலரிடம் சொல்லுங்கள்" என்று மூன்றாம் ஆள் வழியாகத்தான் பேச்சு.

"மூணு நாளும் வாயைத் திறக்கலையா?"

"திறக்கல."

"பிரசங்க மேடையிலருந்து உங்களை இறக்கறதுக்கே மணி அடிக்கணும். எப்படி இருந்தீங்க?"

போதகர் சிரித்தார். "முதல் நாள் ஜெபமே வரல. மனசுக்குள்ளயே கூட்டம் போட்டுட்டேன். நானே பேசறேன், நானே பதில் சொல்றேன், நானே கைதட்டிக்கிறேன். ரெண்டாம் நாள் அந்தப் பேச்சு எனக்கே சலிச்சுப்போச்சு. அதுக்கப்புறந்தான் ஆண்டவர் பேசறதுக்குக் கொஞ்சம் இடம் கிடைச்சுது."

மனைவியின் கைப்பேசி முணுமுணுத்தது. ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"யாரு?"

"தெரிஞ்சவங்க. வேலை ஏதாவது குடுத்தாங்களா?"

"மத்தியானம் துணி வேலை. துவைச்ச படுக்கை விரிப்பெல்லாம் மடிச்சு வைக்கணும். ஒருத்தரால முடியாது. ஆளுக்கு ரெண்டு முனை பிடிக்கணும்."

"கூட யாரு?"

போதகர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஒருத்தர்."

"சரியான ஆளா?"

"எங்க. நான் வலப்பக்கம் மடிச்சா அவரு இடப்பக்கம் மடிப்பாரு. முதல் நாள் எல்லா விரிப்பும் முறுக்கிக்கிட்டுது. 'இப்படிப் பிடிங்க'ன்னு சொல்லவும் முடியாது. கையைப் பார்த்துத்தான் மடிக்கணும். அவன் கை போற போக்குல நானும் போனேன், என் கை போற போக்குல அவனும் வந்தான்."

'அவர்' நடுவழியில் 'அவன்' ஆனதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஒவ்வொரு மடிப்புக்கும் ரெண்டு பேரும் கிட்ட வரணும். கடைசி மடிப்புல கையும் கையும் முட்டும். இன்னைக்குத்தான் பார்த்தேன், மணிக்கட்டுல ஒரு தழும்பு. சைக்கிள் கத்துக்கும்போது வந்தது. பின்னாடி பிடிச்சிருக்கேன்னு சொல்லிட்டுக் கையை விட்டவன் நான்தான்."

கார் சற்று வேகம் குறைந்தது.

"உங்க தம்பியா?"

"அவனேதான். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சேன்."

"முதல் நாளே பையைத் தூக்கிட்டு வந்திருக்கலாமே."

"நினைச்சேன். நான் கிளம்பினா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அவனும் அதையேதான் நினைச்சிருக்கான். சண்டை போடலாம்னா அங்க பேசக் கூடாது."

"அப்புறம்?"

"இன்னைக்கு மௌனம் முடிஞ்சு மணி அடிச்சுது. கையில கடைசி விரிப்பு. அவன்தான் முதல்ல பேசினான். 'அண்ணா, நீ இன்னும் தப்பாத்தான் மடிக்கிற'ன்னான்."

அவள் அடக்க முடியாமல் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து முடிக்கையில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"தீர்மானத்தை அவன் திரும்ப வாங்கிக்கிறான். மண்டபத்தை நான் விட்டுடறேன். நாளைக்குக் கூட்டத்துல அவன் ஜெபம் பண்ணி ஆரம்பிக்கணும்னு கேட்டுக்கிட்டேன். கமிட்டிக்காரங்கதான் பாவம், சூடான பேச்சுக்குக் காத்திருப்பாங்க."

"ஆறட்டும், விடுங்க."

போதகர் இருக்கையில் சாய்ந்தார். பாரம் இறக்கிய வண்டிபோல் உடம்பு லேசாக இருந்தது. "நீ வேணா பாரு, இது முழுக்க ஆண்டவர் செயல். இல்லன்னா எத்தனையோ விடுதி இருக்கு, வருஷம் பூரா நாள் இருக்கு. அதே இடத்துக்கு, அதே தேதிக்கு, அதே வேலைக்கு அவன் எப்படி வந்து சேருவான்?"

"ஆண்டவர் செயல்தான். யாரு இல்லைன்னாங்க?" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் ஒரு நீலக் கார் வந்து நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. தம்பி மனைவி ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தம்பி, மடியில் பையுடன், ஒன்றும் புரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான். போதகரின் மனைவி கண்ணாடியை இறக்கினாள்.

நீலக் காரிலிருந்து குரல் வந்தது. "அக்கா, விடுதிக்காரம்மாகிட்டத் துணி வேலையா கேட்டது நல்லதாப் போச்சு. நான் சொன்ன மாதிரி பாத்திரம் கழுவ விட்டிருந்தா, ஒண்ணுகூட உடையாம மிஞ்சியிருக்காது."