முப்பத்திரண்டு கடிதங்கள், ஒரே கை

முப்பத்திரண்டு கடிதங்களையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தார் சோதனை அதிகாரி. அறக்கட்டளை அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டபின் நடக்கும் சிறப்பு வகுப்புகளுக்கு அறக்கட்டளை நிதி தருகிறது. ‘இந்த வகுப்பு எனக்கு ஏன் வேண்டும்’ என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் கைப்பட எழுதித் தர வேண்டும் என்பது விதி.

முப்பத்திரண்டும் ஒரே கையெழுத்து. ஒரு சுழிகூட இம்மி பிசகவில்லை.

“பிள்ளையே இல்லாம வகுப்பு நடத்துது சார் அந்த டீச்சரம்மா. கையும் களவுமா பிடிச்சிட்டு வரேன் பாருங்க” என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சலவைக்கடை மாடியில் இருந்த அறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தார். டீச்சர் திடுக்கிட்டு எழுந்தார். எதிரே முப்பத்திரண்டு பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி ஒரு நோட்டை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். எல்லாவற்றிலும் அதே எழுத்து!

“அழகா எழுதக் கத்துக்குடுக்கிற வகுப்பு சார். என் எழுத்தைப் பார்த்து எழுதி எழுதி எல்லாருக்கும் அதுவே வந்துடுச்சு. விண்ணப்பத்துல போட்டிருக்கேனே, நீங்க படிக்கலையா?”

பூதக்கண்ணாடிக்கு முகத்தில் அசடு வழிந்தது. அதுவே எரிச்சலாக மாறியது.

“இந்தக் காலத்துல இதுக்கெல்லாம் யாரும்மா பணம் குடுப்பா? ரோபோ, கம்ப்யூட்டர்னு ஏதாவது நடத்துங்க. இந்தாங்க உங்க விண்ணப்பம்.”

“வாடகை பாக்கின்னு மாசக் கடைசியில அறையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க சார். இந்தப் பிள்ளைங்க எங்க போகும்?”

“அது என் கவலை இல்லைம்மா.”

வருகைப் பதிவேட்டில் ‘பார்வையிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சரின் சிவப்புப் பேனா பழக்கதோஷத்தில் பக்கத்திலேயே ‘வால் கோணல், 6/10’ என்று போட்டுவிட்டது. டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். முன்வரிசைச் சிறுமி களுக்கென்று சிரித்தாள்.

“எனக்கே மார்க்கா? இருபது வருஷமா ஒருத்தனாலயும் காப்பியடிக்க முடியாத கையெழுத்தும்மா இது!”

முப்பத்திரண்டு தலைகளும் ஒருசேர நிமிர்ந்தன.

மறுவாரம் மேலாளர் கூப்பிட்டார்.

“என்னய்யா, அந்த வகுப்பு வேண்டவே வேண்டாம்னு குதிச்சே. அப்புறம் நீயே அனுமதி குடுத்துத் தபால்ல அனுப்பியிருக்கே? நீ பார்த்தா தப்பிருக்காதுன்னு ஒரு வருஷத்துக்கான பணத்தை நேத்தே அனுப்பிட்டேன். கையெழுத்து உன்னோடதுதானே?”

அவர் திருப்பிக் கொடுத்த அதே விண்ணப்பம். கீழே ‘அனுமதி’க் கட்டத்தில் அவர் கையெழுத்து. ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் பிடித்து, சட்டைப்பையிலிருந்த கண்ணாடியை வைத்தும் பார்த்துவிட்டார். இல்லை என்று சொன்னால் அவராலேயே நம்ப முடியாது. அதோடு, இருபது வருடப் பெயர் என்னாவது?

“என்னோடதுதான் சார்” என்றார், தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு.

அங்கே சிவப்பு மையில் பொடியாக எழுதியிருந்தது: ‘வாலின் கோணல்கூடத் தப்பவில்லை. 10/10.’