பிடிச்சா விடாது

பள்ளிக்கூட டீச்சர் ஷைலஜா மறுநாள் பாடத்துக்காகச் சாப்பாட்டு மேசையில் லாடக் காந்தத்தையும், ஆணியில் கம்பி சுற்றிய மின்காந்தத்தையும் சோதித்துக்கொண்டிருந்தாள். ஸ்விட்சை அணைத்ததும் மின்காந்தம் குண்டூசிகளை உதிர்த்தது.

மாமியார் சண்முகவடிவு உதட்டைப் பிதுக்கினாள். "தூ! கறண்டு உள்ளப்போ பிடிக்கும், போனா விட்டுரும். உன் அப்பன் வீட்டு வாக்கு போலயாக்கும். காந்தம்னா இதுல்லா! பிடிச்சா விடாது." லாடக் காந்தத்தைக் கையிலெடுத்தாள்.

"கையை நீட்டுட்டீ. திருப்புறத்துல உன் வீட்டுக்காரங்க போட்டனுப்பின வளையலு தங்கமா தகரமான்னு இன்னைக்குப் பாத்துருவோம். எலே சுனிலு, நீயும் வந்து பாரு!"

ஷைலஜாவின் கணவன் சுனில்குமார் வந்து நின்றான். சண்முகவடிவு ஒவ்வொரு வளையலிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட ஒட்டவில்லை.

"இன்னும் நல்லா பாருங்க அத்தே," என்று ஷைலஜா குனிந்தாள்.

டக்கென்று அவள் கழுத்துச் சங்கிலியைக் காந்தம் கவ்விக்கொண்டது. நிச்சயத்தன்று, ஊரைக் கூட்டி வைத்து, 'அஞ்சு பவுனாக்கும்' என்று சண்முகவடிவு தன் கையாலேயே போட்ட சங்கிலி.

சண்முகவடிவு காந்தத்தை இழுத்தாள். சங்கிலியும் கூடவே வந்தது.

"கறண்டு காந்தம்னா ஸ்விட்சை அணைச்சிருக்கலாம் அத்தே," என்றாள் ஷைலஜா. "இது பிடிச்சா விடாதுல்லா!"